மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போகுமா? மண்டை ஓடும் தாடையும்: ஓர் எளிய அறிமுகம்

குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். அறுபது வயதிருக்கும். வலது கன்னம் வீங்கி, வீக்கம் கண்ணின் கீழ் இமைவரை ஏறியிருந்தது. மேல் கடைவாய்ப்பல் ஒன்று முழுச் சொத்தை, வேர் நுனியில் சீழ். நான்கு மாதமாக வலியாம். நான்கு மாதத்தையும் கிராம்பும் வலி மாத்திரையுமாகவே ஓட்டியிருக்கிறார். "ஏம்மா இவ்வளவு நாள் வரல?" என்று கேட்டேன். முந்தானையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு மெல்லச் சொன்னார்: "மக்ளே, மேப்பல்லு எடுத்தா கண்ணு பெய்ரும்னு எல்லாரும் சொன்னாவ. எனக்க அண்ணனுக்கும் அப்படித்தான் ஆச்சு."

தக்கலைப் பக்கம் பல் மருத்துவம் பார்க்கும் எனக்கு இந்தக் கேள்வி வராத வாரம் கிடையாது. படிக்காதவர்கள் மட்டும் கேட்பதாக நினைக்க வேண்டாம். ஆசிரியர்கள் கேட்கிறார்கள், வங்கியில் வேலை பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். "போகாது" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லலாம். சொன்னால் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், பல்லோடு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தலைக்குள் எது எங்கே இருக்கிறது, எதற்கும் எதற்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று யாரும் அவர்களுக்குக் காட்டியதே இல்லை. அதைக் காட்டத்தான் இந்தக் கட்டுரை. மண்டை ஓட்டையும் தாடையையும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டால் அந்தக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

தேங்காயில் தொடங்குவோம்

நம் குமரி மாவட்டத்தில் தேங்காய் உரிப்பதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. பாரையில் குத்திக் கதம்பையை உரித்தால் சிரட்டை. சிரட்டைக்குள் தேங்காய், அதற்கும் உள்ளே தண்ணீர். தலையும் இப்படி அடுக்கடுக்காகத்தான் இருக்கிறது. முடியும் தோலும் அதன் அடியிலுள்ள சவ்வுகளும் கதம்பை. எலும்பு சிரட்டை. அதற்குள் மூளை.

தண்ணீரின் இடம் மட்டும் மாறும். தேங்காயில் தண்ணீர் நடுவில் நிற்கிறது. தலையில் அது மூளையைச் சுற்றியும் நிற்கிறது. மூளையையும் தண்டுவடத்தையும் நனைத்து நிற்கும் இந்தத் தெளிந்த நீருக்கு மூளைத்தண்டுவடத் திரவம் என்று பெயர். மொத்தமே சுமார் 150 மில்லிதான், ஒரு கிளாஸ் கட்டன்சாயா அளவு. ஆனால் அது செய்யும் வேலை பெரிது. மூளையின் எடை 1,300 முதல் 1,400 கிராம். அந்த நீரில் மிதப்பதால், அடியிலிருக்கும் எலும்பின் மேல் அது சுமார் 50 கிராம் எடைபோலத்தான் அழுத்துகிறது. குளத்தில் இறங்கி நிற்கும்போது உடம்பு இலேசாகத் தெரியுமே, அதே கணக்கு.

தேங்காய் ஒப்புமை இந்த இடத்தோடு நின்றுவிடும். சிரட்டை ஒரே ஓடு. மண்டை ஓடு அப்படி இல்லை.

ஓர் ஓடு இல்லை, 22 எலும்புகள்

மீன்தலைக் குழம்பு சாப்பிட்டவர்கள் கவனித்திருப்பீர்கள். குழம்பில் கிடக்கும்போது விளமீன் தலை ஒரே துண்டாகத் தெரியும். பிரித்துச் சாப்பிட்டு முடித்ததும் தட்டின் ஓரத்தில் தகடு தகடாக எலும்பு குவிந்திருக்கும். மனிதத் தலையும் பல எலும்புகள் சேர்ந்ததுதான். மீனைப்போல எளிதில் பிரிந்து வராது, அவ்வளவே வித்தியாசம்.

கணக்கு இது: மொத்தம் 22. மூளையைப் பொதிந்து வைத்திருக்கும் பெட்டிக்கு 8. இதை மூளைப்பெட்டி என்போம். முகத்துக்கு 14. இரண்டு காதுகளுக்குள்ளும் மும்மூன்றாக இருக்கும் ஆறு குட்டி எலும்புகள் இந்தக் கணக்கில் வராது. நாக்கின் அடியில் தொண்டைக்கு மேலே தனியாகத் தொங்கும் நாவடி எலும்பும் வராது. சில புத்தகங்கள் அவற்றையும் சேர்த்து 28 என்றும் 29 என்றும் எழுதுகின்றன. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் குழம்புவது அதனால்தான். எல்லாக் கணக்கும் சரி, எதைச் சேர்த்து எண்ணுகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

இந்த எலும்புகள் ஒன்றோடொன்று சேரும் கோட்டைப் பார்த்தால் கண்ணை எடுக்கத் தோன்றாது. நேர்க்கோடாக இருக்காது. நெளிநெளியாக, ஒன்றின் பல் மற்றொன்றின் பள்ளத்தில் புகுந்து, தையல் போட்டதுபோல ஓடும். அதற்குப் பெயரே தையல்மூட்டு. பத்மநாபபுரம் அரண்மனையில் மரத்தோடு மரம் கோத்து நிற்கும் இடங்களைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பலகையை வெறுமனே அருகருகே வைத்தால் இழுத்ததும் பிரிந்துவிடும். பல்லுக்குப் பல் கோத்தால் எந்தப் பக்கம் இழுத்தாலும் பிடிக்கும். தலையின் பெரிய தையல்களை உங்கள் தலையிலேயே காட்டலாம். பெண் பிள்ளைகள் ஹேர்பேண்ட் போடும் இடத்தில் ஒன்று குறுக்கே ஓடுகிறது. நடுவகிடு எடுக்கும் இடத்தில் ஒன்று நெடுக்காக. பிடரிக்கு மேலே கவிழ்த்த V வடிவில் இன்னொன்று.

உச்சிக்குழி ஏன் துடிக்கிறது?

ஒரே ஓடாக வைத்திருந்தால் வேலை எளிதாக முடிந்திருக்குமே, எதற்கு இத்தனை துண்டு? பதில் குழந்தை பிறக்கும் நேரத்தில் இருக்கிறது. குழந்தையின் தலை ஒரு குறுகிய வழியில் வெளியே வர வேண்டும். எலும்புத் துண்டுகள் சற்றே ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொடுத்தால்தான் அது நடக்கும். பிறந்த பிறகும் மூளை வேகமாக வளர்கிறது, பெட்டியும் கூடவே விரிய வேண்டும். அதனால் துண்டுகளின் நடுவில் இடைவெளி விட்டு, அதைக் கெட்டியான சவ்வால் மூடி வைத்திருக்கிறது உடம்பு. முன்பக்கம் இருக்கும் பெரிய இடைவெளிதான் உச்சிக்குழி. தேங்காயின் மூன்று கண்களில் ஒன்று மட்டும் விரலால் குத்தினாலே திறக்குமே, முளை வெளியே வரும் கண், அதுபோல வளர்ச்சிக்கென்று விட்ட இளக்கமான இடம்.

பின்பக்கம் உள்ள சின்னக் குழி இரண்டு மூன்று மாதங்களில் மூடிவிடும். முன் உச்சிக்குழி பெரும்பாலும் ஒன்றரை வயதுவாக்கில் மூடும். அதுவரை அங்கே துடிப்பு தெரியும். அது உள்ளே ஓடும் இரத்தக் குழாய்களின் துடிப்பு, பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியது வேறு இரண்டு. காய்ச்சலோடு உச்சிக்குழி புடைத்து விறைப்பாக நின்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வயிற்றுப்போக்கோடு குழி உள்வாங்கினால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது, அதற்கும் போக வேண்டும்.

பாட்டிமார் உச்சியில் எண்ணெய் வைத்து இதமாகத் தடவுவதில் கேடு இல்லை. அந்தச் சவ்வு நாம் நினைப்பதைவிடக் கெட்டி. ஆனால் தலை உருண்டையாக வர வேண்டும் என்று அமுக்கி உருட்டுவதை நிறுத்தச் சொல்லி நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பிரசவத்தில் நீண்டுபோன தலை சில நாட்களில், சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். கை வைத்தவருக்குப் பேர் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: மூளை நீரில் மிதக்கிறது. அதைச் சுற்றியிருப்பது ஓர் ஓடு இல்லை, தையல்மூட்டுகளால் கோத்த எலும்புகள். முகமும் சேர்த்து மொத்தம் 22. குழந்தையில் தையல்கள் இளகி இருக்கும், வளர வளர இறுகும்.

நான்கு மாடி வீடு

முதலாண்டு உடற்கூறு வகுப்பில் உலர்ந்த மண்டை ஓடு ஒன்றை என் கையில் கொடுத்தார்கள். மஞ்சளடித்த, இலேசான பொருள். மேல் மூடியைத் தனியாகக் கழற்றி எடுக்கலாம். கண் குழிக்குள் டார்ச் அடித்து, மூளை இருந்த பக்கத்திலிருந்து எட்டிப் பார்க்கச் சொன்னார் ஆசிரியர். குழியின் கூரை வழியாக வெளிச்சம் தெரிந்தது, உள்ளே விளக்கு எரியும் காகிதக் கூண்டுபோல. அவ்வளவு மெல்லிய எலும்பு! மண்டை ஓடு என்றாலே கெட்டி என்று இருந்த என் எண்ணம் அன்றோடு போயிற்று. உச்சியும் பிடரியும் தடிமன்தான். முகத்தின் உட்சுவர்கள் பல இடங்களில் தாள்போல. மூக்கையும் கண்ணையும் பிரிக்கும் சுவருக்குக் காகிதத் தகடு என்றே லத்தீனில் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இப்போது முகத்தை ஒரு மாடி வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். தரைத்தளத்தில் மேல் பற்கள். முதல் மாடியில், கன்ன எலும்புக்குப் பின்னால், காலியான ஒரு காற்றறை. இரண்டாம் மாடியில் கண். மூன்றாம் மாடியில் மூளை. ஒவ்வொரு தளத்துக்கும் நடுவில் எலும்பால் ஆன தட்டு. தட்டு மெல்லியது, ஆனால் தட்டு உண்டு. பல் நேராகக் கண்ணில் போய் முட்டவில்லை. நடுவில் ஒரு மாடி முழுதும் காலியாக இருக்கிறது.

அந்தக் காலி மாடிதான் சைனஸ். "எனக்கு சைனஸ் இருக்கு" என்று ஒரு நோயின் பெயராக அதைச் சொல்கிறோம். சைனஸ் எல்லோருக்கும் இருக்கிறது. மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகளுக்கு அதுதான் பெயர். அதில் அழற்சி வந்தால்தான் நோய். கன்னத்தில் ஒரு சோடி, நெற்றியில் ஒரு சோடி, கண்களுக்கு நடுவில் சிறு சிறு அறைகளாக ஒரு தொகுதி, மூக்குக்கு வெகு பின்னால் ஒரு சோடி. பெரியது கன்னத்தில் உள்ளது, பெரியவர்களுக்குச் சுமார் 15 மில்லி கொள்ளும். எல்லாமே சின்னத் துவாரங்கள் வழியாக மூக்குக்குள் திறக்கின்றன. சளி பிடித்து அந்தத் துவாரம் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும், குனிந்தால் முகம் கனக்கும்.

மேல் கடைவாய்ப் பற்களின் வேர் நுனிகள் கன்னச் சைனஸின் தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். அதனால்தான் சளி முற்றினால் நல்ல பல்லும் வலிக்கிறது. "நாலு பல்லும் சேர்ந்து வலிக்கு டாக்டரே" என்று வருபவரிடம் முதலில் சளி பற்றித்தான் கேட்பேன். அதேபோல, அந்தப் பல்லைப் பிடுங்கும்போது எப்போதாவது தரையில் சின்ன ஓட்டை விழுவதும் உண்டு. குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வரும். கேட்கப் பயமாக இருக்கும். சின்ன ஓட்டை பெரும்பாலும் தானே மூடும், பெரிதென்றால் தையல் போட்டு மூடுவோம்.

இந்தப் பயம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. 1651-இல் இந்தக் கன்னச் சைனஸைப் பற்றி விரிவாக எழுதியவர் நத்தேனியல் ஹைமோர் என்ற இங்கிலாந்து மருத்துவர். அவரிடம் ஒரு பெண்மணி வந்தார். மேல் பல் ஒன்றைப் பிடுங்கிய குழியிலிருந்து அவருக்கு நீர் வடிந்துகொண்டே இருந்திருக்கிறது. என்னவென்று பார்க்க, அந்தப் பெண்மணியே ஒரு பறவையின் சிறகுத் தண்டை உள்ளே விட்டிருக்கிறார். அது போய்க்கொண்டே இருந்ததும், மூளைக்கே போய்விட்டது என்று நடுங்கிப் போனார். போனது முதல் மாடிக்குத்தான், காலி அறைக்குள். அவருக்கு யாரோ வீட்டின் வரைபடத்தைக் காட்டியிருந்தால் அந்த நடுக்கம் இருந்திருக்காது.

கண்ணின் வயர் வேறு, பல்லின் வயர் வேறு

"சரி, சுவர் இருக்கு. நரம்பு ஒண்ணுதானே?" இது அடுத்த கேள்வி. "மேல் பல் நரம்பு கண்ணுக்குப் போகுது" என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு.

வீட்டுக்குள் கரண்ட் லைனும் கேபிள் டிவி லைனும் வருகின்றன. ஒரே சுவரில் பக்கம் பக்கமாகவே ஓடலாம். ஆனாலும் அறையில் ஒரு பல்பைக் கழற்றினால் டிவி நின்றுபோகாது. தலையிலும் இப்படித்தான். கண் பார்ப்பதை மூளைக்குக் கொண்டுபோவது பார்வை நரம்பு. கண்ணின் பின்புறத்தில் கிளம்பி, கண்குழியின் அடி ஆழத்தில் உள்ள ஒரு துளை வழியாக நேரே மூளைக்குள் போய்விடும். பற்கள் பக்கம் அது எட்டிப் பார்ப்பதே இல்லை.

பல்லில் வலியும் கூச்சமும் உணர்த்துவது வேறொரு நரம்பு. அது ஒரே தண்டாகக் கிளம்பி மூன்றாகக் கிளை பிரிவதால் முக்கிளை நரம்பு என்போம். முதல் கிளை நெற்றிக்கும் கண்ணின் மேற்பரப்புக்கும், இரண்டாவது கன்னத்துக்கும் மேல் பற்களுக்கும், மூன்றாவது கீழ்த்தாடைக்கும். கவனியுங்கள்: கண்ணில் தூசி விழுந்தால் உறுத்துவது இந்த நரம்பு வழியாக. தூசியைப் பார்ப்பது பார்வை நரம்பு வழியாக. இரண்டும் இருவேறு லைன்.

மேல் பல் வலித்தால் கண்ணைச் சுற்றி ஏன் வலிக்கிறது என்றால், இரண்டாம் கிளை பல்லுக்கு மட்டும் போகவில்லை. கீழ் இமை, மூக்கின் ஓரம், மேலுதடு எல்லாவற்றிலும் உணர்ச்சி அதுதான். ஒரே லைனில் பல வீட்டு அழைப்பு மணி இருந்தால் யார் அடித்தது என்று தெரியாதல்லவா, மூளையும் அப்படிக் குழம்பிவிடுகிறது. பல்லைப் பிடுங்கும்போது அறுபடுவது அந்தப் பல்லின் வேர் நுனியில் நுழையும் நூலிழை மட்டும். கிளை அப்படியே இருக்கிறது.

உள்ளதை மறைக்காமல் சொல்கிறேன். மரத்துப்போக ஊசி போடும்போது, மிக அரிதாக, மருந்து பரவிக் கண்ணை அசைக்கும் தசைகளைச் சற்று நேரம் தொட்டுவிடும். இரண்டிரண்டாகத் தெரியும், மங்கும். மருந்து இறங்கியதும் சரியாகிவிடும். இப்படி நடந்த யாரோ ஒருவரின் கதை நூறு வாய் மாறி "கண் போச்சு" என்று ஆகியிருக்கலாம். அதைவிடப் பெரிய காரணம் வயதுதான் என்று நான் நினைக்கிறேன். மேல் பற்கள் ஆடி விழும் அறுபது வயதில்தான் கண்ணில் புரையும் வளர்கிறது. பல்லை எடுத்த தேதி நினைவில் நிற்கும். புரை வளரத் தொடங்கிய தேதி யாருக்குத் தெரியும்? இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறோம்.

உண்மையான ஆபத்து நேர்மாறான பக்கத்தில் இருக்கிறது. சீழ் வைத்த மேல் பல்லைப் பிடுங்காமல் விட்டால், அந்தச் சீழ் மாடி ஏறும். காற்றறைக்குள் போகும், கண்குழிக்குள் போகும். மிக மோசமான நிலையில் மூளைவரை கூடப் போகும். கண்ணுக்குப் பயந்து பல்லை வைத்திருப்பவர் கண்ணைத்தான் பணயம் வைக்கிறார். அந்தக் குளச்சல் அம்மாவுக்கும் வீக்கம் இமைவரை வந்ததே, அதுதான் ஏறும் வழி.

அவருக்கு ஒரு தாளில் அந்த நான்கு மாடியையும் வரைந்து காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு "எடுத்திரு மக்ளே" என்றார். ஒரு வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தபோது வீக்கம் வடிந்திருந்தது. நாற்காலியில் உட்காருவதற்கு முன், வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு சுவரிலிருந்த காலண்டரில் தேதியை வாசித்தார். அப்புறம் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அதே தேதியை மறுபடியும் வாசித்தார்.

சுருக்கம்: மேல் பல்லுக்கும் கண்ணுக்கும் நடுவில் காற்றறை இருக்கிறது. பார்வைக்கு ஒரு நரம்பு, பல் வலிக்கு வேறு நரம்பு. பிடுங்கினால் பார்வை போகாது. சீழ் வைத்த பல்லைப் பிடுங்காமல் விடுவதுதான் கண்ணுக்குக் கேடு.

அசைகிற ஒரே எலும்பு

22 எலும்புகளில் 21 அசையாதவை. அசைவது கீழ்த்தாடை ஒன்றுதான். மெல்லும்போது இரண்டு தாடையும் அசைவதாகப் பலரும் நினைக்கிறார்கள். ஒரு விரலை மேல் முன்பல்லிலும் இன்னொன்றை நாடியிலும், அதாவது மோவாயிலும், வைத்து வாயைத் திறந்து பாருங்கள். மேல் விரல் நின்ற இடத்தில் நிற்கும்.

கீழ்த்தாடை குதிரை லாடம்போல வளைந்த ஒரே எலும்பு. பிறக்கும்போது இரண்டு பாதியாக இருந்து, முதல் வயதுவாக்கில் நாடியில் ஒட்டி ஒன்றாகிறது. நாய்க்கு அந்த ஒட்டு கடைசிவரை எலும்பாவதில்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் காலன் என்ற கிரேக்க மருத்துவர் விலங்குகளை அறுத்துப் பார்த்து, மனிதத் தாடையும் இரண்டு எலும்பு என்று எழுதிவிட்டார். மருத்துவர்கள் ஆயிரம் ஆண்டுக்கு மேல் அதையே படித்தார்கள். 1543-இல் வெசாலியஸ் மனித உடலையே அறுத்துப் பார்த்து, ஒன்றுதான் என்று திருத்தினார்.

இந்த எலும்பு மண்டை ஓட்டோடு சேரும் இடம் காதுக்கு நேர் முன்னால். அங்கே விரல் வைத்து வாயை மெதுவாகத் திறந்தால் ஒரு குமிழ் நகர்வது தெரியும். அதுதான் தாடைமூட்டு. தலையின் பக்கவாட்டில் காதைத் தாங்கும் பொட்டெலும்பில் ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்தில் தாடையின் குமிழ், நடுவில் மெத்தைபோல ஒரு தட்டு.

இதைக் கதவுக்கீல் என்று சொல்வது பாதிதான் சரி. முதலில் கொஞ்சம் திறக்கும்வரை குமிழ் நின்ற இடத்திலேயே சுழல்கிறது, அது கீல். அதற்கு மேல் திறந்தால் குமிழ் மெத்தையையும் கூட்டிக்கொண்டு முன்னால் வழுக்கிப் போகிறது. இது மேசை இழுப்பறையை இழுப்பது போன்றது. மறுபடியும் விரல் வைத்துப் பாருங்கள், சுழற்சி முடிந்து நகர்வு தொடங்கும் இடம் உங்களுக்கே தெரியும். மெத்தை சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்தால் "டக்" என்று சத்தம் வரும். வலி இல்லாமல் வெறும் சத்தம் மட்டும் என்றால் வைத்தியம் தேவையில்லை.

பள்ளத்துக்கு முன்னால் ஒரு சின்ன மேடு உண்டு. வழுக்கி வரும் குமிழ் அந்த மேட்டைத் தாண்டி மறுபக்கம் இறங்கிவிட்டால், வாயை மூடும் தசைகள் சுருங்கிக் குமிழை அங்கேயே பூட்டிவிடும். வாய் மூடாது. ஒரு நாள் இரவு இளம்பெண் ஒருத்தியை ஆட்டோவில் அழைத்து வந்தார்கள். கொட்டாவி விட்டவளுக்கு வாய் திறந்தது திறந்தபடி. எச்சில் வடிகிறது, பேச முடியவில்லை, கண்ணில் கண்ணீர். பக்கவாதம் என்று ஒருவர் சொல்ல, காத்து கருப்பு என்று இன்னொருவர் சொல்ல, இரண்டு மணி நேரம் வீணாகியிருந்தது. கட்டைவிரல்களில் துணி சுற்றி, கீழ்க் கடைவாய்ப் பற்களின்மேல் வைத்து, கீழே அழுத்திப் பின்னால் தள்ளினேன். மேட்டின் அடியால் குமிழை இறக்கிப் பள்ளத்தில் விடுவதுதான் வேலை. "தளக்" என்று ஒரு அசைவு, வாய் மூடிவிட்டது. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் ஹிப்போக்ரட்டீஸ் பெயரில் எழுதி வைக்கப்பட்ட முறையிலிருந்து இது அதிகம் மாறவில்லை. வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். எலும்பு முறிந்தும் இப்படி இருக்கலாம், படம் பார்க்காமல் தெரியாது.

தாடையை மூடும் தசைகளில் இரண்டை நீங்களே தொட்டுப் பார்க்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு கன்னத்தின் பின் மூலையில் விரல் வைத்தால் ஒன்று புடைக்கும். நெற்றிப்பொட்டில், அதாவது கண்ணுக்கும் காதுக்கும் நடுவில், வைத்தால் இன்னொன்று. முந்திரிக்கொத்தைக் கடிக்கும் பெரியவர்களைப் பக்கத்திலிருந்து பாருங்கள், பொட்டு ஏறி இறங்கும். தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்குக் காலையில் தலைவலி வருவது இந்தத் தசை அசந்துபோவதால். பாக்குவெட்டியில் பாக்கை நுனியில் வைத்தால் நசுங்காது, கீலுக்குப் பக்கத்தில் வைத்தால் நொறுங்கும். கடினமானதை நாம் கடைவாய்க்குத் தள்ளுவதும் அதனால்தான்.

பாக்கு என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். உங்கள் நடு மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் விட்டுப் பாருங்கள். பெரும்பாலோருக்கு நுழையும். பாக்கு போடுபவர்களுக்கு வருஷக்கணக்கில் கன்னத்தின் உட்புறம் நார்நாராக இறுகி, மூன்று விரல் இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். மூட்டில் குறை இருக்காது, தோல்தான் இறுகியிருக்கும். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் இதைச் செய்யும், புற்றுநோயும் தரும். விரல் குறைகிறது என்றால் அன்றே வாருங்கள்.

பல் போனால் எலும்பும் போகும்

பல் எலும்பில் ஆணிபோல அறையப்படவில்லை. குழிக்குள், சுற்றிலும் நுண்ணிய நார்களால் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கிறது. கடிக்கும்போது அந்த நார்கள் எலும்பை இழுக்கின்றன. இழுபடுவதால்தான் எலும்பு உயரமாக நிற்கிறது. பல் போய்விட்டால் இழுக்க ஆளில்லை, அந்த விளிம்பு கரைந்து தாழ்ந்துவிடும். பொக்கைவாய்த் தாத்தாவின் நாடி மூக்கை நோக்கி ஏறுவது போலத் தெரிவது இதனால்தான்.

மெல்லிய இடங்கள்

அடிபட்டால் ஆபத்தாகும் இடங்களை வர்மம் என்பார்கள். வர்ம நூல்களின் கணக்கில் 108 வர்மங்களில் 25 தலைக்கும் கழுத்துக்கும் உரியவை. நம் மாவட்டத்து வர்ம ஆசான்மார் நெற்றிப்பொட்டில் அடிபட்டால் ஏன் பதறுகிறார்கள் என்பதற்கு உடற்கூற்றிலும் காரணம் இருக்கிறது. நான்கு எலும்புகள் சந்திக்கும் இடம் அது, மண்டை ஓட்டின் மெல்லிய பகுதிகளில் ஒன்று. அதன் உட்புறத்தில் ஓர் இரத்தக் குழாய் எலும்பை ஒட்டியே ஓடுகிறது. எலும்பு கீறினால் குழாயும் கிழியலாம். அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, "ஒண்ணுமில்ல" என்று பேசுவார். உள்ளே இரத்தம் தேங்கத் தேங்க, சில மணி நேரத்தில் மயங்குவார். பைக்கில் விழுந்தவருக்குத் தலையில் அடி என்றால், அவர் நன்றாகப் பேசுகிறார் என்பதை வைத்து வீட்டில் படுக்கவைக்காதீர்கள். தலைவலி கூடினாலோ, வாந்தி எடுத்தாலோ, அதிகமாகத் தூங்கி வழிந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

தாடைக்கும் இப்படி ஒரு இடம் உண்டு. வளையலைத் தட்டினால் ஒரு இடத்தில் மட்டும் உடைவது அபூர்வம். லாட வடிவில் இருந்து இருபுறமும் மண்டையில் மாட்டி நிற்கும் கீழ்த்தாடையும் அப்படித்தான், அடிபட்ட இடத்தோடு நிற்காது. விழுந்து நாடியில் அடிபட்டால், அந்த விசை எலும்பு வழியாக ஏறி, காதுக்கு முன்னாலிருக்கும் குமிழின் கழுத்தை முறிக்கலாம். நாடியில் கிழிந்த காயம் எல்லோர் கண்ணிலும் படும், தையல் போட்டு அனுப்பிவிடுவார்கள். மெல்லும்போது கடி சரியாகச் சேரவில்லை, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு திறக்கிறது, காதுக்கு முன்னால் வலிக்கிறது என்றால் அங்கேயும் ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சைக்கிளிலிருந்து நாடி குத்த விழுந்த பிள்ளைகளுக்கு இதை மறக்கவே கூடாது. அந்தக் குமிழ்ப் பக்கத்தில்தான் அவர்களுடைய தாடை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.